பெட்டியில் மிஞ்சிய இரும்பு

“உந்தப் பெட்டை வாசிச்சுச் சொல்லுறதை நம்பியோ முதலாளி உந்த வாளைப் பூட்டப் போறார்?”

கொழும்புத்துறை மரக்காலையின் கணக்கப்பிள்ளை இப்படிக் கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என் தலைக்கு மேலால், சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார். ஈரப் பாலை மரத்தின் புளித்த நெடியும், புதிதாக வந்திறங்கிய எஞ்சினின் எண்ணெய் மணமும், பெட்டிகளுக்குள் திணித்து வந்த வைக்கோலின் புழுங்கல் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைத்த அந்தக் காலைநேரம், இதை எழுதும்போதும் எனக்கு மணக்கிறது. பெண்பிள்ளையின் படிப்பை இளக்காரமாகப் பேசிய ஒரு மனிதர் கடைசியில் தலைகுனிந்துபோன கதையை இதற்குப் பிறகு எதிர்பார்ப்பவர்கள் இருக்கலாம். அப்படி நடக்கவில்லை. அவருடைய சந்தேகம் சரியாகவே இருந்தது.

மரம் வாங்கி அரிந்து விற்கிற அந்த மரக்காலை கடலோரமாக இருந்தது. வன்னிக் காட்டு முதிரையும் பாலையும் பூநகரிக் கரையில் வத்தைப் படகுகளில் ஏற்றப்பட்டு, பரவைக் கடலைத் தாண்டி வந்து, எங்கள் கரையில் தண்ணீருக்குள் தள்ளப்படும். அங்கிருந்து ஆட்கள் உருட்டி மேலே ஏற்றுவார்கள். வட்டவாள் வருவதற்கு முன் மரம் அரிவதெல்லாம் குழியில்தான். ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான குழியின் குறுக்கே மரத்தைக் கிடத்தி, நீள வாளின் ஒரு பிடியை மரத்தின்மேல் நிற்கிறவரும் மறுபிடியைக் குழிக்குள் நிற்கிறவரும் பிடித்து, மேலும் கீழுமாக இழுப்பார்கள். மேலே நின்றவர் என் சின்னையா. கீழே நின்றவர் என் தகப்பனார், அப்பு. அரிபட்ட தூள் அத்தனையும் கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும்தான் விழும். அப்பு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அம்மா வேறொரு வார்த்தை பேசுவதற்கு முன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கண்ணைக் கழுவி விடுவார். “கண் கழுவினால்தான் எனக்கு வீடு தெரியும்” என்று அப்பு சொல்லுவார்.

எங்கள் பரம்பரையில் எழுத்தறிந்த முதல் ஆள் நான்தான். அப்புவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. சின்னையாவுக்கும் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பிள்ளைகள் மரக்காலைக்கோ கடலுக்கோ போன வயதில், நான் பட்டணத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பையோடு போனேன். இங்கிலீசுப் புத்தகத்தை உரத்து வாசித்துக்கொண்டு ஒழுங்கையால் நடப்பேன். வேலிக்கு மேலால் யாராவது எட்டிப் பார்த்தால் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தத் தலைக்கனம் இன்றைக்கும் முற்றாக இறங்கிவிட்டது என்று சொன்னால் அதுதான் பொய்.

வட்டவாளும் எஞ்சினும் மூன்று பெரிய பெட்டிகளில் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து, பிறகு மாட்டுவண்டியில் மரக்காலைக்கு வந்தன. அவற்றைப் பொருத்திப் பூட்டுவதற்கு முதலாளி பட்டணத்திலிருந்து மீரான் நானாவை அழைத்திருந்தார். அச்சுக்கூட யந்திரங்களும் நெல்லு மில் எஞ்சின்களும் பூட்டிப் பழகிய கை அவருடையது. தமிழோ இங்கிலீசோ வாசிக்கத் தெரியாது. ஓர் இரும்புத் துண்டைக் கையில் எடுத்து இரண்டு தரம் புரட்டினால் அது எங்கே போய் இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுவார். ஆனாலும் பெட்டிக்குள் ஓர் இங்கிலீசுக் கடதாசி இருந்ததால், அதை வாசித்துக் கேட்காமல் தொடங்கமாட்டேன் என்று அவர் நின்றுகொண்டார்.

முதலாளி கடதாசியைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டினார். மரக்காலையில் இங்கிலீசு தெரிந்த ஒரே ஆள் என்று பெயர் எடுத்திருந்தவர் அவர்தான். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“கண்ணாடியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன், முதலாளி.”

“கண்ணாடி அவரின்ரை சட்டைப் பையுக்குள்ளை இருந்து எட்டிப் பாக்குது” என்று சின்னையா அப்புவின் காதுக்குள் சொன்னார். அப்பு சிரிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தது வேறு.

“என்ரை பிள்ளை வாசிக்கும், ஐயா” என்றார்.

பள்ளிக்கூடமில்லாத அடுத்த சனிக்கிழமை, வெளுத்த பாவாடையும் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையுமாக நான் மரக்காலையில் நின்றபோதுதான், கணக்கப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எங்கள் கோயில்களில் புராணம் படிக்கிற முறை தெரிந்தவர்களுக்கு அன்றைக்கு நடந்தது எளிதில் விளங்கும். ஒருவர் பாட்டை இசையோடு படிப்பார். பக்கத்தில் இருக்கிற மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்லுவார். அதற்குப் “பயன் சொல்லுதல்” என்று பெயர். கேட்கிறவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள். பயன் சொல்லுகிறவரும் நிற்கமாட்டார். ஒரு சொல் பிடிபடாமல் போனால், தெரிந்த ஒரு கதையை இழுத்துப்போட்டு அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு மேலே போய்விடுவார். நடுவில் தடக்கி நின்றவரைப் பற்றி ஊர் அடுத்த வருடப் படிப்புத் தொடங்கும்வரை கதைக்கும். மரக்காலை ஆட்களுக்குப் பலர் கூடியிருந்து ஓர் எழுத்தை வாசித்துக் கேட்பதென்றால் இந்த ஒரு முறைதான் தெரியும். ஆகவே அவர்கள் சால்வையை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, சம்மணம் கூட்டி, என்னைச் சுற்றி மண்ணில் இருந்துவிட்டார்கள். அப்பு ஒரு சாக்கை விரித்து என்னை அதில் இருத்தினார்.

“படிப்பும் நீதான், பயனும் நீதான். தொடங்கு பிள்ளை” என்றார் சின்னையா.

நான் ஒரு வசனத்தை இங்கிலீசில் உரத்து வாசித்தேன். பிறகு தமிழில் பயன் சொன்னேன். முதற் பந்தி வாளுக்கு மேலே கவிழ்கிற இரும்பு மூடியைப் பற்றியது. எந்த அவசரத்திலும் அதைக் கழற்றிவிட்டு வாளை ஓட்டக்கூடாது என்று இருந்தது.

“வாளுக்கும் முக்காடோ?” என்றார் ஒருவர்.

“முக்காடு போட்டால் வாளுக்கு ஒரு நட்டமும் இல்லை, தம்பி. உனக்குத்தான் சோறு குழைக்க அஞ்சு விரலும் மிஞ்சும்” என்றார் மீரான் நானா.

இரண்டாம் பந்தி, பலகையின் கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல் தடியால் தள்ளவேண்டும் என்றது. மூன்றாவது, தொங்குகிற துணியோ அவிழ்ந்த மயிரோ வாளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்றது. எல்லாரும் சின்னையாவின் குடுமியைப் பார்த்தார்கள். “வெள்ளைக்காரன் என்னை எங்கை கண்டவன்?” என்று அவர் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொள்ள, மரக்காலையே சிரித்தது. நானும் சிரித்தேன். வாசிப்பு அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலாம் பந்தியில் நின்றுவிட்டேன்.

இரண்டே வசனங்கள். “கத்தி” என்று ஒரு சொல் இருந்தது. “பின்னால்” என்று ஒரு சொல் இருந்தது. மரம், வாய், மூடுதல் என்பவையும் இருந்தன. தனித்தனியே பல சொற்கள் தெரிந்தும், எல்லாம் சேர்ந்து என்ன சொல்லுகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. வாள் இருக்கிற இடத்தில் இன்னொரு கத்தி எதற்கு? அதே நேரத்தில் மீரான் நானா பெட்டிக்குள்ளிருந்து ஓர் இரும்பை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். மூன்றாம் பிறையைப்போல வளைந்த, கை நீளத் தகடு. அடியில் இரண்டு துளைகள். விளிம்பில் கூர் இல்லை.

“இது எதுக்கெண்டு போட்டிருக்கு, மகள்?”

பதினைந்து முகங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தன. கணக்கப்பிள்ளை மெல்லச் செருமினார். அப்பு மட்டும் என்னைப் பார்க்காமல், மற்றவர்கள் என்னைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாள் பெட்டிக்குள்ளை ஆடாமல் இருக்க வைச்சு அனுப்பினது. பூட்டத் தேவையில்லை” என்றேன். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

மீரான் நானா தகட்டை ஒருதரம் புரட்டினார். இன்னொருதரம் புரட்டினார். “சும்மா ஆடாமல் இருக்கிறதுக்கு மினக்கெட்டுத் துளை போடுவாங்களோ?”

“கடதாசியிலை அப்பிடித்தான் கிடக்கு.”

எழுத்து சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? தன் கை சொன்னதை விட்டுவிட்டு, இரும்பை வைக்கோலுக்குள் திரும்ப வைத்தார். நான் ஐந்தாம் பந்திக்குப் போனேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், எதிர்ப்பட்ட எல்லாரையும் அப்பு நிறுத்தி நிறுத்திச் சொன்னார், “எங்கடை பிள்ளை இங்கிலீசுக்குப் பயன் சொன்னவள்” என்று.

வட்டவாள் ஓடத் தொடங்கியது. குழியில் இரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் அரிந்த மரத்தை அது ஒரு காலைப்பொழுதில் அரிந்து தள்ளியது. அப்பு குழியை விட்டு மேலே வந்து, வாள்மேசையின் முன்னால் நின்று மரத்தைத் தள்ளுகிறவரானார். சின்னையா மறுபக்கம் நின்று அரிபட்ட பலகையை வாங்கினார். அம்மாவின் கண் கழுவும் வேலை குறைந்தது. ஒருநாள் சின்னையாவின் கை தவறி வாளின் பக்கம் போக, விரல்கள் இரும்பு மூடியில் அடித்து, தோல் உரிந்ததோடு தப்பிவிட்டன. அதன்பிறகு மூடியைக் கழற்றவேண்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. என்னைக் கண்டால் “வாத்தியாரம்மா” என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கணக்கப்பிள்ளைகூட ஒருதரம் என் படிப்பைப்பற்றி விசாரித்தார்.

மார்கழி மழைக்குள் ஒரு வத்தை பச்சைப் பாலை வந்தது. வெட்டிச் சில நாட்களே ஆன மரம். பலகை பாதிதூரம் அரிபட்டபோது, அரிந்த வாய் வாளுக்குப் பின்னால் மெல்ல மூடிக்கொண்டு வாளைக் கவ்விப் பிடித்தது. வாள் கீச்சிட்டது என்றும், அடுத்த கணம் மரம் அப்படியே திரும்பி அப்புவின் மேல் பாய்ந்தது என்றும் சின்னையா சொன்னார். அப்புவின் வலது முழங்கையும் இரண்டு விலாவெலும்பும் முறிந்தன. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வாசலில் சின்னையா நின்றார். குடுமி அவிழ்ந்து மரத்தூளோடு தோளில் கிடந்தது. அவரைக் கண்டவுடனேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அப்புவை அச்சுவேலிப் பக்கத்து முறிவு வைத்தியரிடம் வண்டியில் கொண்டுபோனார்கள். அவர் மூங்கிற் பத்தை வைத்து முறிவைக் கட்டினார். எலும்பு பொருந்தும், கை முழுதாக நீளவும் மாட்டாது, மடங்கவும் மாட்டாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மரக்காலையில் யாருடைய பிழை என்ற கதை எழுந்தது. மூடி இருந்த இடத்தில் இருந்தது. விரல் ஒன்றும் வாளில் படவில்லை. கடதாசியில் சொன்னதெல்லாம் செய்தாயிற்று. அப்படியானால் பூட்டினவனுடைய பிழைதான், மேசை சரிவு, வாள் கோணல் என்று கணக்கப்பிள்ளை முடிவாகச் சொன்னார். முதலாளி மீரான் நானாவைக் கூப்பிட்டார்.

“நான் பூட்டினதிலை பிழையெண்டால் இடத்தைக் காட்டுங்கோ” என்றாராம் அவர்.

ஒருவராலும் காட்ட முடியவில்லை. ஆனாலும் இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் தன் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கதை அவருக்கு முன்னே பட்டணத்துக்குப் போய்விட்டது. எஞ்சின் பூட்ட அவரைக் கேட்டிருந்த ஒரு மில்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். சின்னையா இதையெல்லாம் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்து அப்புவுக்குச் சொன்னபோது, நான் உள்ளே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் எழுத்தும் வாசிக்காமல் இருந்தேன்.

கடதாசி என்னிடம்தான் இருந்தது. பெரிய பொக்கிஷம்போல இங்கிலீசுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நாலாம் பந்தியை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் இங்கிலீசு ஆசிரியையிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மிகச் சாதாரணமாக, “எனக்கும் விளங்கேல்லை. இது மெசின் வேலை செய்யிற ஆக்களிட்டைக் கேக்கவேணும்” என்று திருப்பித் தந்துவிட்டு, அடுத்த பிள்ளையின் கொப்பியை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். வகுப்பில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருடைய மதிப்பு ஓர் அணுவும் குறையவில்லை. நான் என் இடத்துக்குத் திரும்பிப் போய் இருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் மீரான் நானா குடியிருந்த சோனகத் தெருவுக்குப் போனேன். மீரான் நானாவின் மனைவி என்னை உள்ளே இருத்திக் குடிக்கத் தண்ணீர் தந்தார். நான் பந்தியின் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்து, தெரிந்த சொல்லுக்குத் தெரிந்த பொருளையும், தெரியாத சொல்லுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். நானா கரித்துண்டு ஒன்றை எடுத்து, சீமெந்து நிலத்தில் வாளை ஒரு வட்டமாகக் கீறினார். அதற்குப் பின்னால் பிறையைக் கீறினார். மரத்தைக் கீறினார். பிறகு கரித்துண்டை வைத்துவிட்டார்.

“அரிஞ்ச வாய் மூடாமல் பிடிக்கிற இரும்பு. வாளுக்குப் பின்னாலை நிக்கவேண்டியது.”

“எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை, நானா. நான் பொய் சொன்னனான்.”

“தெரியாதெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே இருந்து யோசிச்சிருப்பன், மகள்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது அவர் பின்னால் வந்தார். “உதை ஒருத்தருக்கும் சொல்லாதை. நான் வேறை இடத்திலை வேலை பாப்பன். உன்ரை படிப்பை நிப்பாட்டினாங்கள் எண்டால் அது திரும்ப வராது.”

கொழும்புத்துறை வரைக்கும் நடந்தேன். அவர் சொன்னது உண்மை. சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும். பெட்டைக்குப் படிப்பெதற்கு என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் என் கையாலேயே பதில் எழுதிக் கொடுத்ததாகிவிடும். சொல்லாவிட்டால், என் பொய்யைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் வேலை தேடித் திரிவார். அவரே அதற்குச் சம்மதித்தும் விட்டார். அந்தச் சம்மதம்தான் என்னை வீட்டுக்குள் போகவிடாமல் படலையில் நிறுத்தி வைத்தது.

அப்பு கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார். சொன்னேன். அவர் தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நானாவுக்குத் தெரியுமோ?”

“ஓம், அப்பு.”

“என்ன சொன்னவர்?”

“ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர்.”

மறுநாள் விடிந்ததும் இடது கையால் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “வா” என்றார்.

மரக்காலையில் எல்லாரும் வேலை தொடங்கக் கூடியிருந்தார்கள். இந்தத் தடவை எனக்குச் சாக்கு விரிக்க யாரும் இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். கடதாசியில் அப்படி இருக்கவில்லை, எனக்கு விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன், பூட்டினவரில் பிழை இல்லை.

“நான் அண்டைக்கே சொன்னனான்” என்றார் கணக்கப்பிள்ளை.

“ஓம். நீங்கள் சொன்னது சரி” என்றேன்.

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன அவரும், பெட்டிக்குள் ஆடாமல் இருக்க வைத்த இரும்பு என்று சொன்ன நானும் செய்தது ஒரே காரியம் என்பது அப்போது எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய பொய்யால் ஒருவருடைய கையும் முறியவில்லை.

முதலாளி மீரான் நானாவுக்கு ஆள் அனுப்பினார். ஆள் தனியே திரும்பி வந்தார். “போகச் சொன்னவர் வந்து கூப்பிட்டால் வாறன்” என்று சொல்லியனுப்பியிருந்தார் நானா. முதலாளி ஒரு நாள் முழுவதும் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த நாள் தானே வண்டி கட்டிக்கொண்டு சோனகத் தெருவுக்குப் போனார். வாள் வந்த பெட்டியில் யாரோ கோழி அடைத்து வைத்திருந்தார்கள். பிறை இரும்பு அதற்குள்ளேயே, எச்சமும் துருவுமாகக் கிடந்தது. நானா அதைத் தேய்த்துக் கழுவி, வாளுக்குப் பின்னால் பூட்டி, ஒரு பச்சைப் பாலைப் பலகையைத் தானே தள்ளி அரிந்து காட்டினார். வாய் மூடவில்லை.

வீட்டில் அம்மா என் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். “படிச்சுக் கிழிச்சது காணும். தேப்பன்ரை கையைத் திண்டது உந்தப் படிப்புத்தான்” என்றார். நாலு நாள் அடுப்படியிலேயே இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் அப்பு ஏணியை இடது கையால் இழுத்துப் பரணில் சாத்தினார். ஏற முடியாமல் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

“இறக்கு, மெய்யே.”

“இன்னுமோ?”

“அரைவாசி படிச்சதாலை ஒரு கை போயிட்டுது. முழுக்கப் படிச்சால் என்ன போகுதெண்டு பாப்பம்.”

அவர் சிரிக்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

இதெல்லாம் நடந்து பத்து வருடம் ஆகிறது. வத்தைகளில் மரம் வருவது நின்று லொறிகளில் வருகிறது. குழியைத் தூர்த்து அதன்மேல் புதிய கொட்டகை போட்டுவிட்டார்கள். கணக்கப்பிள்ளை காலமாகிவிட்டார். எஞ்சினும் வாளும் இரண்டு கை மாறி எங்கேயோ போய்விட்டன. சின்னையா குடுமியைக் கத்தரித்துவிட்டார். அப்புவின் கை வைத்தியர் சொன்னபடியே நீளவுமில்லை, மடங்கவுமில்லை. மரக்காலைப் படலையில் காவலுக்கு இருந்துவிட்டு, இப்போது அதையும் விட்டு வீட்டில் இருக்கிறார். சாப்பிடும்போது அந்தக் கை வாய்க்கு எட்டாது. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். வெளியார் வீட்டுப் பந்தியில் மட்டும் இருக்கமாட்டார். நான் பரீட்சைகளில் தேறி, ஆசிரியை ஆகி, எங்கள் பரம்பரையில் எவரும் வாங்காத உத்தியோகக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டிய நாளிலும், அந்தக் கையைப் பார்க்காமல் வாசிக்க எனக்கு முடியவில்லை.

இப்போது அச்சுவேலியில் தங்கிப் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு நெல்லு மில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து மில்லுக்கு ஓடுகிற நீளத் தோல் வார், பெண்கள் கடகத்தோடு வரிசையில் நிற்கிற இடத்தை ஒட்டி, இடுப்பு உயரத்தில், எந்த மறைப்பும் இல்லாமல் ஓடுகிறது. போன மாதம் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயினுடைய சேலைத் தலைப்பை அது இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பிடித்து இழுத்ததில் தலைப்பு கிழிந்தது. ஆள் தப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் மில்லுக்குள் போனேன்.

“ரீச்சர் நெல்லுக் குத்த வந்தனீங்களோ, பாடம் நடத்த வந்தனீங்களோ?” என்றார் மில்காரர். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“உந்த வாரை ஏன் பலகை அடிச்சு மூடாமல் விட்டிருக்கிறியள் எண்டு கேக்க வந்தனான்.”

“மூடினால் வார் நழுவுறது கண்ணுக்குத் தெரியாது. நழுவினது தெரியாமல் ஓடினால் அறுந்து அடிக்கும். அப்ப இஞ்சை நிக்கிற எல்லாருக்கும் ஆபத்து. ரீச்சருக்கு உது தெரியுமோ?”

“எனக்குத் தெரியாது” என்றேன். “எங்கை நழுவும் எண்டு காட்டுங்கோ.”

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தச் சொல்லி, வாரின் பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வோர் இடமாகக் காட்டினார். முக்கால் மணித்தியாலம் காட்டினார். பலகையால் மூடமுடியாது என்பது எனக்கு விளங்கியது. வார் தெரியவேண்டும், துணி போகக்கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே மீரான் நானாவுக்குக் கடிதம் போட்டேன். அவருடைய பேரன் வாசித்துச் சொல்லியிருப்பான். அடுத்த கிழமை சனிக்கிழமை, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்புவும் கூட வந்திருந்தார். நானா வாரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். “கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலை. மரச்சட்டத்திலை அடிச்சு, கழட்டிப் பூட்டுற மாதிரி. எல்லாம் தெரியும், ஒண்டும் போகாது” என்றார். மில்காரர் எஞ்சினை நிறுத்திவிட, அளவு நாடாவின் ஒரு நுனியை நானா பிடித்தார். மறுநுனியை அப்பு இடது கையால் பிடித்தார். நான் கொப்பியில் எழுதினேன்: நீளம் ஒன்பதடி, உயரம் மூன்றடி நாலங்குலம். திரும்பி வரும்போது சந்தைக் கடையில் வலைக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.